வீட்டுக்கு அனுப்பிய ஒன்பது பேர்

பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே வயதான வேட்பாளரை விலக்கிவிட்டு வேறொருவரை நிறுத்தலாமா என்னும் கேள்வி எங்கள் கட்சியில் மறுபடியும் எழுந்திருக்கிறது. வேறொரு மாவட்டத்தில் எங்கள் வேட்பாளர் ஒருவர் மேடையில் பேச்சை மறந்து நின்றதை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். பகுதி அலுவலகத்தில் அதைப் பற்றி இரண்டு நாள் வாய்ச்சண்டை. முடிவில், "துளசிங்கம் ஐயாவைக் கேளுங்க, முப்பது வருசம் மனு எழுதினவரு" என்று யாரோ சொல்ல, தேர்தல் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள். மாற்றலாம் என்றோ கூடாது என்றோ நான் ஒரு பக்கம் எழுதித் தருவேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் அருகிலிருந்து கண்டது ஒரே ஒரு மாற்றம்; அதுவும் நடவாமற்போன மாற்றம். நடவாமற்போனதற்குக் காரணம் நான். இதை அச்சிடுவதும் விடுவதும் மலர்க் குழுவினர் விருப்பம்.

என் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. இராயபுரத்திலிருந்து தினமும் துறைமுகத்துக்கு நடந்து சென்று, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்தவர்களுக்கு விடுப்பு மனு, கடன் மனு, மகளுக்கு விடுதியில் இடம் கேட்கும் மனு என்று எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒரு மனு எங்கள் தொழிற்சங்கத் தலைவர் கஜபதி அண்ணனின் கைக்குப் போயிருக்கிறது. ஆளனுப்பி என்னை வரவழைத்தார்.

"இன்னாடா இது, கடுகு கொட்டினா மாதிரி எழுதிகீறே? ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. மூட்டைய எண்ணிகினு எதுக்குக் குந்திகினுகீறே? ஆபீசுக்கு வந்துடு."

அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்காணல். வாக்காளர் பட்டியலைத் தெருத் தெருவாகச் சரிபார்ப்பது, வாக்குச்சாவடி முகவர்களின் பெயர்களைப் பதிவது, வேட்புமனு எழுதுவது ஆகியவற்றை ஓரிரு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பின் அண்ணன் எங்கள் கட்சி சார்பில் நின்ற எல்லாத் தேர்தல்களிலும் அவருடைய மனு என் கையால் எழுதப்பட்டதே. மூன்று முறை அவர் சட்டமன்றம் சென்றார்.

அண்ணனைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். குள்ளமான உருவம், அந்த உருவத்துக்குப் பொருந்தாத பெருங்குரல். எண்ணூர் ஆலை வாயில்களில் வேலைநேரம் மாறும்போது, ஒலிபெருக்கி இல்லாமலே இரண்டு தெருவுக்குக் கேட்கப் பேசுவார். பேச்சில் அப்படித் தாராளமாக இருப்பவர், தாள் என்று வந்துவிட்டால் வேறு மனிதர். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் இரண்டு முறை துடைப்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படிப்பார். படித்து முடிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்திட்டவர் அல்லர். நான் எழுதிய முதல் வேட்புமனுவில், வேட்பாளருக்குப் பொருந்தாத ஒரு கட்டத்தை வெறுமனே விட்டிருந்தேன்.

"இது ஏன் காலியா கீது?"

"உங்களுக்கு அது கிடையாதே அண்ணே. இல்லாததை எதுக்கு எழுதணும்?"

"இல்லன்னா 'இல்லை'ன்னு எழுது. காலியா வுட்டா, நான் எதையோ மறைக்கிறேன்னு அந்த ஆபீசரு நெனைப்பான். முதல் வரியிலேர்ந்து மறுபடியும் எழுது."

மூன்று படிகளையும் திரும்ப எழுதினேன். அவர் எதிரே அமர்ந்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

நிற்க. இனி நான் சொல்லப்போவது விளங்குவதற்கு, மாற்று வேட்பாளர் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரோடு இன்னொருவரையும் மனுச்செய்ய வைக்கும். பேச்சு வழக்கில் 'டம்மி' என்பார்கள். அசல் வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் மாற்று வேட்பாளர் அவ்விடத்துக்கு வருவார். அசல் மனு பரிசீலனையில் ஏற்கப்பட்டுவிட்டால் மாற்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். எல்லோரும் அறிந்தது இவ்வளவே.

பலரும் அறியாத ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். மாற்று வேட்பாளரின் மனுவிலும் அவ்வாறு ஒருவரே முன்மொழிந்திருந்தால், பரிசீலனையன்றே அம்மனு இறந்துவிடும். சுயேச்சைகளுக்குப் போலப் பத்து வாக்காளர்கள் முன்மொழிந்திருந்தால் அது பிழைத்துக் கிடக்கும். அதன்பின் இரண்டு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்குள், அசல் வேட்பாளர் தாமாக விலகிக்கொண்டால் மாற்று வேட்பாளர் கட்சியின் வேட்பாளராகிவிடலாம். சின்னமும் அவருக்கே வரும். அந்த மூன்று மணி கடந்துவிட்டால் ஆளை மாற்ற வழியே இல்லை. எனக்கு இதைச் சொன்னவரும் அண்ணன்தான். "டம்மிக்கும் பத்துப் பேர் போடு. எனக்கு மாரடைச்சு நான் படுத்துட்டா, கட்சி நடுரோட்ல நிக்கக் கூடாது பாரு" என்பார். ஒவ்வொரு தேர்தலிலும் பத்துப் பேரை அழைத்து வந்து, பாகம் எண், வரிசை எண் பார்த்து, கையெழுத்து வாங்கினேன். ஒரு முறைகூட அது தேவைப்படவில்லை.

அவருடைய கடைசித் தேர்தலுக்கு வருகிறேன். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. வாக்குக் கேட்டுப் போகும் இடங்களில் ஆட்களைத் தவறான பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியிருந்தார். வாக்காளர் ஒருவரைப் பார்த்து, இறந்துபோன அவருடைய தகப்பனின் பெயரைச் சொல்வார். இதில் வியப்பு என்னவென்றால், ஒருவரும் வருந்தவில்லை. "எங்க நைனா பேரைச் சொல்லிக் கூப்புடுறாரு பாரு, எவ்ளோ ஞாபகம்!" என்று தண்டையார்பேட்டையில் ஒரு கடைக்காரர் கண்கலங்கினார். நாங்களும் அதை ஞாபகம் என்றே வைத்துக்கொண்டோம். ஆனால் கட்சிக்குள் முணுமுணுப்பு எழுந்துவிட்டது. கிழவரை மாற்றப்போகிறார்களாம் என்று தேநீர்க் கடைகளில் பேச்சு.

அம்முறை மாற்று வேட்பாளர், காசிமேட்டு மாமன்ற உறுப்பினர் ஸ்டெல்லா. ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்றுக்கொண்டே வட்டத் தேர்தலில் வென்றவர். மனு எழுதும் நாளன்று காலையில், நான் கேட்காமலே, தம் தெருப் பெண்கள் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். எல்லோர் கையிலும் வாக்காளர் அட்டை.

"ஒருத்தர் போதும்மா. மத்தவங்க வீட்டுக்குப் போகட்டும்" என்றேன்.

"இன்னாண்ணே, போன தபா டம்மிக்குப் பத்துப் பேரு வாங்கினீங்களே? யாவாரத்த வுட்டுட்டு இஸ்துகினு வந்துகீறேன்."

"இந்தத் தடவை வேணாம்."

"எங்க கையெழுத்து கோழிக் கிறுக்கலாட்டம் கீதுன்னு தொரத்துறாரு போலடீ!" என்றார் பின்னால் நின்ற ஒரு பெண். சிரித்துக்கொண்டே ஒன்பது பேரும் படியிறங்கிப் போனார்கள்.

ஏன் அனுப்பினேன்? அண்ணன் எல்லாத் தாளையும் படிப்பவர். மாற்று மனுவையும் படிப்பார். மற்றைய ஆண்டுகளில் அந்தப் பத்துப் பெயர்கள் அவருக்கு ஒரு நடைமுறை. ஊரெல்லாம் அவரை மாற்றப் போவதாகப் பேசும் ஆண்டில், அதே பத்துப் பெயர்கள் அவருடைய கண்ணுக்கு வேறாகத் தெரியுமே என்று அஞ்சினேன். உயிரோடிருப்பவருக்குப் பாடை கட்டி வைப்பது போல் எனக்குத் தோன்றியது. இதை அன்பு என்று பல காலம் சொல்லிக்கொண்டேன். அன்பு மட்டுமாக இருந்திருக்காது. அவர் இல்லாத அலுவலகத்தில் எனக்கு என்ன நாற்காலி இருக்கும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

மாலையில் தாள்களை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தார். "எங்க போடணும்?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். போட்டார். அடுத்த தாள், அடுத்த தாள். ஒரு வரியும் படிக்கவில்லை. நல்லவேளை, மாற்று மனுவின் முன்மொழிந்தோர் பக்கத்தை அவர் பார்க்கவில்லை, பத்துப் பேர் எங்கே என்று கேட்கவில்லை என்று நான் நிம்மதியடைந்தேன். என் வாழ்நாளில் அதைப்போன்ற மூடத்தனமான நிம்மதியை வேறெப்போதும் அடைந்ததில்லை. முப்பது ஆண்டுகளில் அவர் படிக்காமல் ஒப்பமிட்டது அதுவே முதல்முறை என்பது, தாள்களை அடுக்கிக்கட்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பரிசீலனையில் அண்ணனின் மனு ஏற்கப்பட்டது. ஸ்டெல்லாவின் மனு தள்ளுபடி என்று அதிகாரி வாசித்தார். ஒப்பமிட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை. எங்கள் தொகுதியின் ரயில்வே கேட் அருகே அண்ணனின் திறந்த ஜீப் நின்றது. வெயில் கடுமையாக இருந்தபடியால் மேம்பாலத்தின் நிழலில் நிறுத்தியிருந்தோம். அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கேட்டாண்ட நீங்க படுற பாடு எனக்குத் தெரியும். கேட்டைப் போட்டான்னா அரை மணி நேரம். புள்ளைங்க இஸ்கூலுக்குப் போவ முடியல, புள்ளத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போவ முடியல. என்னை ஜெயிக்க வையுங்க. இங்க ஒரு பாலம் கட்டித் தரேன்!"

அந்நேரம் பாலத்தின்மேல், எங்கள் தலைக்கு நேரே, மணலிப் பக்கமிருந்து வந்த டேங்கர் லாரி ஒன்று தடதடத்துப் போயிற்று. கூட்டம் சிரித்தது.

"தலைவரு தமாசு பண்றாருடோய்!"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!"

அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். பாலம் இருந்தது. "அதான், இன்னொண்ணு வாணாமா?" என்று உடனே சொல்லிச் சிரித்தார். விசில் பறந்தது. சிரித்து முடித்ததும் அவர் மறுபடியும் பாலத்தை அண்ணாந்து பார்த்ததைப் பின்னால் நின்ற நான் மட்டுமே கண்டேன்.

சங்க அலுவலகத்து உள்ளறையில் உட்கார்ந்ததும் கேட்டார்: "தொளசி, அந்தப் பாலம் எப்போ கட்னாங்க?"

"நீங்க கட்டினதுதாண்ணே. ரெண்டாவது தபா ஜெயிச்சப்போ."

"தொறப்பு விழாவுக்கு நான் வந்தேனா?"

"நீங்கதாண்ணே ரிப்பன் வெட்டினீங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு, ஆலை வாயிலில் கோரிக்கைகளை அடுக்கும் அதே தெளிவோடு சொன்னார்: "நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம் கீது. வாபஸ் பாரம் எடுத்துகினு வா. நான் எறங்கிக்கறேன், ஸ்டெல்லா நிக்கட்டும். இன்னிக்கு ஜனங்க தமாசுன்னு நெனைச்சு சிரிச்சாங்க. நாளைக்கு நெஜம்னு தெரிஞ்சு சிரிப்பாங்க. அதுக்குள்ள நான் போயிடணும். அவ மனு உயிரோட தானே கீது?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "மாவட்டத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேண்ணே" என்றேன்.

எங்கள் கட்சியில் பதவியையே ஆளுக்குப் பெயராக வழங்குவோம். மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்போம். மாதவரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பாலத்துப் பேச்சு எனக்கு முன்பே அவருடைய கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"வாய்யா. நானே கூப்ட்டனுப்பலாம்னு இருந்தேன். அவரு ஒத்துப்பாரா?"

"அவரே விலகுறேன்னு சொல்லிட்டாருங்க."

"அப்பாடா. அப்போ நாளைக்கே அந்தம்மாவை நிறுத்திடலாம். மனு கீது இல்ல?"

"தள்ளுபடி ஆயிடுச்சுங்க. பத்துப் பேர் வாங்கலை."

"யாரு வாணாம்னது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மாவட்டத்திலேயே ஒழுங்கா மனு எழுதறவன் நீ ஒருத்தன்தான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேயா" என்று மெல்லச் சொன்னார். சற்றுப் பொறுத்துக் குரல் மாறியது. "இப்போ அவரு வாபஸ் வாங்கினா மிஷின்ல நம்ம சின்னமே இருக்காது. நிக்கட்டும். மைக்கு மட்டும் கையில குடுக்காதே. கையை ஆட்டச் சொல்லு. இந்த விசயம் நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

திரும்பி வந்தபோது அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். வழியெல்லாம் உண்மையைச் சொல்லத்தான் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைக் கண்டதும் வேறு வார்த்தைகள் வந்தன.

"மாவட்டம் ஒத்துக்கலைண்ணே. ஜனங்க உங்களைத்தான் கேக்குறாங்களாம். வேற யாரு நின்னாலும் ஓட்டு வுழாதாம்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தாண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "ஜனங்க கேக்குறாங்கன்னா அப்புறம் இன்னா? நின்னுட வேண்டியதுதான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல நூறு முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார். அதன்பின், கட்சியின் சின்னம் காணாமற்போகக் கூடாதே என்பதற்காக, தம் நிலை தெரிந்தே நின்றிருப்பார். தெரிந்து நிற்பது ஒரு மனிதனுக்குரிய மரியாதை. அதை நான் அவருக்குக் கிடைக்காமல் செய்தேன்.

மறுநாள் பிற்பகல் மணலியில் ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தோம். "மணி இன்னா?" என்று கேட்டார். "மூணேகால்ணே" என்றேன். "சரி" என்றார். எதை நினைத்துக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், மாவட்டம் சொன்னபடியே செய்தோம். அண்ணன் ஜீப்பில் நின்று கையை ஆட்டினார். அவர் குரல் இல்லாமல் கூட்டம் சேராது என்பதால், பழைய பொதுக்கூட்டப் பேச்சு ஒன்றைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். திருவொற்றியூர்த் தேரடி அருகே அது ஒலித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: "யாருடா இவன்? நல்லா பேசுறானே. இவனை நம்ம பக்கம் இஸ்துக்கோ."

தேர்தலில் தோற்றோம். பெரிய வித்தியாசம் இல்லை. வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த ஒன்பது பேரின் கதையை அதற்குள் அவர் புரிந்துகொண்டிருந்தார்.

"என்னை நிறுத்தியிருந்தா நானுந்தான் தோத்திருப்பேனோ என்னமோண்ணே. ஆனா தோத்துட்டு நான் காலையில ஏலத்துக்குப் போயிருப்பேன். இவரு எங்க போவாரு?"

அடுத்த மாதமே அலுவலகப் பெட்டிச் சாவிகளை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

தம்பிகள் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற பதில் இதுதான். வயதானவரை மாற்றுவதா வேண்டாமா என்று நாம் கூடிக்கூடிப் பேசுகிறோம். எங்கள் அண்ணன் விஷயத்தில், விலக வேண்டியவரே அதை எல்லோருக்கும் முன்னதாகக் கண்டுகொண்டு, தெளிவாகச் சொல்லியும் விட்டார். அவரைச் சுற்றி இருந்த நாங்கள்தான், அவர் மனம் நோகும் என்று சொல்லிக்கொண்டு, அவர் இறங்குவதற்கு இருந்த ஒரே படியையும் எடுத்துவிட்டிருந்தோம்.

ஓய்வு பெற்று ஓராண்டு கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எப்படியாவது சொல்லிவிடுவது என்ற உறுதியோடு போனேன். அன்று அவருக்கு ஞாபகம் தெளிந்த நல்ல நாள் என்று அவர் மகள் சொன்னார். அண்ணன் என்னைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரச் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்: ஒன்பது பேரை அனுப்பியது, தள்ளுபடி ஆனது, மாவட்டம் சொன்னது, ஜனங்கள் கேட்கிறார்கள் என்று நான் புளுகியது.

கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "விலகுறேன்னு நான் சொன்னேனா?"

"ஆமாண்ணே. பாலத்தாண்ட பேசிட்டு வந்து சொன்னீங்க."

"போடா. எலக்‌ஷன்ல நின்னவன் எவனாச்சும் நடுவுல எறங்குவானா? நானா சொல்லுவேன்?" என்று சிரித்தார். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இந்தப் பசங்க என்னை மாத்தப் பார்த்தானுங்க. நீதான் பத்துப் பேரு வாங்காம மடக்கிட்டே. அதானே?"

"இல்லைண்ணே..."

"சும்மா இரு. எனக்குத் தெரியும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். தேரடி வரைக்கும் கேட்டிருக்கும். "அம்மாடி, இவனுக்கு எலை போடு. வஞ்சிரம் பெரிய துண்டமா பாத்து வை. என்னை நிக்க வெச்சவன் இவன்தான்."

இலை போட்டார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்து, இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.